கள்ளிச்செடியும் நாய்க்குட்டியும்

கேள்வி: திண்ணையில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் காக்டஸ் செடியில் இரண்டு மூன்று துண்டுகளை எங்கள் நான்கு மாத ராஜபாளையம் குட்டி சென்ற வாரம் கடித்துத் தின்றுவிட்டது. தொட்டி மண்ணையும் கிளறியிருந்தது. ஒருமுறை வாந்தி எடுத்தது. இப்போது நன்றாக உள்ளது. கள்ளிப்பால் விஷம் என்பதால் செடியைப் பிடுங்கிவிடும்படி வீட்டில் சொல்கிறார்கள். தொட்டிக்கு ஆமணக்குப் புண்ணாக்கும் எலும்புத்தூளும் இடுவது வழக்கம். என்ன செய்யலாம்?

பதில்: செடியைப் பிடுங்க வேண்டாம். தென்கிழக்குப் பிரேசிலின் ஈரக்காடுகளில் மரக்கிளைகளின் மீது ஒட்டி வளரும் ஸ்லம்பெர்கெரா என்னும் இனத்தைச் சேர்ந்த இச்செடியில் நாய்க்கு நஞ்சாகும் பொருள் எதுவும் இல்லை. குத்தும் முள்ளும் கிடையாது. நாரும் வழவழப்பும் மிகுந்த தண்டு என்பதால், தின்ற குட்டி ஓரிரு முறை வாந்தி எடுப்பதும் சற்று இளகலாகக் கழிவதும் உண்டு. அது தானே சரியாகிவிடும்.

வீட்டாரின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. தமிழில் கள்ளி என்ற ஒரே பெயரை இரு வேறு குடும்பச் செடிகளுக்கும் வழங்குகிறோம். வேலியோரத்துச் சதுரக்கள்ளியும் திருகுக்கள்ளியும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பால் வாயைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கக்கூடும். நுனித் துண்டு ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள்: வெள்ளைப் பால் சொட்டினால் அது பால்கள்ளி, நிறமற்ற வழவழப்பான நீர் மட்டும் கசிந்தால் நீங்கள் சொல்லும் செடிதான். பால் கசிந்தால் கையை உடனே சோப்பால் கழுவிவிட்டு, அச்செடியைக் குட்டிக்கு எட்டாத இடத்திற்கு மாற்றுங்கள். சப்பாத்திக்கள்ளியில் பால் இல்லை என்றாலும் அதன் மயிர் போன்ற குறுமுட்கள் நாக்கிலும் ஈறிலும் தைத்துக்கொள்ளும் என்பதால் குட்டி உள்ள வீட்டிற்கு அது ஆகாது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ள வைத்தது செடியன்று, ஆமணக்குப் புண்ணாக்கு. ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்னும் கொடிய நஞ்சு எண்ணெயில் கரைவதில்லை. ஆகவே எண்ணெய் பிழிந்த பின் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது, போதிய வெப்பம் படாத புண்ணாக்கில் அதன் வீரியமும் குறைவதில்லை. எலும்புத்தூளின் வாடை நாயை இழுக்கும். கிளறிய குட்டி இரண்டையும் சேர்த்தே நக்கும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாள் கழித்தோ கடும் வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், சோர்வு ஆகியவை தொடங்கும். இதற்கு முறிமருந்து கிடையாது. விரைந்து சிகிச்சை தொடங்கினால் மட்டுமே காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஒரு வாரம் கடந்தும் குட்டி நன்றாக இருப்பதால் இம்முறை அஞ்ச வேண்டியதில்லை. இனி அது புண்ணாக்கைத் தின்றதாகச் சந்தேகம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல், உப்புக் கரைசல் புகட்டி வாந்தி எடுக்கவைக்க முயலாமல், புண்ணாக்குப் பையையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.

தொட்டியின் மேல் மண்ணை இன்றே மாற்றி, இனி மண்புழு உரம் மட்டும் இடுங்கள். மிச்சப் புண்ணாக்கை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். செடியைக் குட்டிக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டால் போதும். குட்டி கடித்துப் போட்ட துண்டுகள் வாடாமல் இருந்தால், நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, மணல் கலந்த மண்ணில் ஊன்றிவிடுங்கள். சில வாரங்களில் வேர் பிடித்துவிடும்.