தலைமை வகித்தார், வரவேற்றார், நன்றி கூறினார்: சங்கச் செய்தியை ஏன் யாரும் போடுவதில்லை?

கேள்வி: எங்கள் சேவைச் சங்கத்துக்கு இந்த ஆண்டு நான் செயலாளர். செய்திமடல் ஆசிரியர் வேலையும் என் தலையில்தான். மாதம் மூன்று நான்கு நிகழ்ச்சிகள் நடத்துகிறோம். நாளிதழ்களுக்குச் செய்தி அனுப்பினால் பத்தில் ஒன்று வந்தால் பெரிது. சமூக வலைத்தளத்தில் போட்டால் எங்கள் உறுப்பினர்களேதான் லைக் போடுகிறார்கள். செய்திமடலை அவர்களும் திறந்து பார்ப்பதில்லை. போன வாரம் நடந்த கண் சிகிச்சை முகாம் பற்றி அனுப்பிய செய்தியை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு நடக்கிறது?

பதில்: அனுப்பியதைப் படித்தேன். மொத்தம் பதினான்கு வரி, அதில் பதினொன்று பெயர்கள். தலைவர் தலைமை வகித்தார், செயலாளர் வரவேற்றார், பொருளாளர் முன்னிலை வகித்தார், முன்னாள் தலைவர்கள் ஆறு பேர் வாழ்த்திப் பேசினார்கள், திட்டத் தலைவர் நன்றி கூறினார். நடுவில் ஒரே ஒரு வரி: '212 பேர் பயன்பெற்றனர்.' உங்களை மட்டும் குறை சொல்லவில்லை, எல்லாச் சங்கமும் இப்படித்தான் எழுதுகிறது. பல வருடம் நாளிதழில் உள்ளூர்ச் செய்தி மேசையில் இருந்தவன் நான், அப்புறம் ஒரு சங்கத்தின் செய்திமடலையும் பார்த்துக்கொண்டேன். அதனால் இரண்டு பக்கத்துக் கஷ்டமும் தெரியும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேசையில் இருப்பவர் முன்னால் இது மாதிரி இருபது முப்பது வந்து குவிந்திருக்கும். அவர் முதலில் செய்கிற காரியம் பெயர்களை அடிப்பது. அடித்து முடித்த பிறகு மிச்சம் ஏதாவது நின்றால் அது செய்தி, நிற்காவிட்டால் அடுத்த தாள்.

ஆனால் உங்களிடம் செய்தி இருந்தது. எனக்கு எழுதிய முழுக் கடிதத்தில், இங்கே போடாத கடைசிப் பத்தியில், போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: 31 பேருக்குக் கண்புரை இருந்தது, 19 பேர் அறுவைச் சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டார்கள், மீதி 12 பேர் 'கூட்டிப்போய்க் கூட்டிவர ஆள் இல்லை' என்று தள்ளிப்போட்டுவிட்டார்கள். இதை ஏன் நாளிதழுக்கு எழுதவில்லை? சங்கத்துக்குக் கௌரவக் குறைவாகப் பட்டிருக்கும், அதுதானே? நான் மேசையில் இருந்திருந்தால் இந்த 12 பேரைத்தான் தலைப்பில் வைத்திருப்பேன்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

'கண் பரிசோதனை முகாமுக்கு வந்த 212 பேரில் 31 பேருக்குக் கண்புரை இருப்பது தெரியவந்தது. 19 பேருக்கு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டுள்ளது. மற்ற 12 பேர், மருத்துவமனைக்கு உடன் வர யாரும் இல்லாததால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுள்ளனர். இவர்களை ஒரு நாள் அழைத்துச் சென்று திரும்ப வீட்டில் விட, கார் வைத்திருக்கும் தன்னார்வலர்கள் தேவை.' கீழே ஒரு தொலைபேசி எண், சங்கத்தின் பெயர். அவ்வளவுதான்.

ஐந்தாறு வரிதான். யார் தலைமை வகித்தார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கார் வைத்திருக்கிற ஒருவர் படித்தால் ஒரு நிமிடம் யோசிப்பார். உலகத்தில் பார்வை இழப்புக்கு முதல் காரணமே கண்புரைதான், அதைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சையோ பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடக் கூடியது. தடை மருத்துவத்தில் இல்லை, வண்டியில் இருக்கிறது என்பது படிப்பவருக்குத் தெரிந்தால் அவரால் ஏதாவது செய்ய முடியும்.

'பயன்பெற்றனர்' என்ற சொல்லை ஒரு வருடத்துக்குத் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 212 பேரும் என்ன பயன் பெற்றார்கள்? கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்ததும் பயன், கண்ணாடி கொடுத்ததும் பயன், அறுவைச் சிகிச்சையும் பயன் என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரிடம் குறை கண்டீர்கள், எத்தனை பேருக்கு அதைச் சரிசெய்தீர்கள், எத்தனை பேர் நழுவிப் போனார்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். நான்காவது எண்ணைச் சொல்லத் தைரியம் இருக்கிற சங்கத்தைத்தான் நிருபர்கள் அடுத்த தடவை அவர்களாகவே கூப்பிடுவார்கள். இது என் அனுபவம்.

ஒரு பழைய கதை இங்கே பொருந்தும். 1930-ல் அமெரிக்காவின் பியோரியா நகர லயன்ஸ் சங்கத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பான்ஹம், பார்வையற்ற ஒருவர் கையில் கறுப்புக் கோலோடு சாலையைக் கடக்கத் திண்டாடுவதைப் பார்த்தார். கறுப்புக் கோல், கறுப்புச் சாலை, வண்டி ஓட்டுபவர்களுக்குக் கண்ணில் படவே இல்லை. கோலுக்கு வெள்ளை அடித்தால் என்ன என்று சங்கத்தில் கேட்டார். கோல்களைச் செய்து கொடுத்தார்கள், வெள்ளைக் கோலோடு வருபவருக்கு வழிவிட வேண்டும் என்று நகரசபையும் விதி போட்டது. அந்தச் சங்கம் அந்த ஆண்டு எத்தனை கூட்டம் நடத்தியது, யார் வரவேற்புரை சொன்னார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. கறுப்புக் கோலோடு சாலை ஓரத்தில் நின்ற அந்த மனிதரை மறக்க முடியவில்லை. உங்கள் 12 பேரும் அந்த மாதிரிதான்.

ரோட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1905 பிப்ரவரி 23-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும் அவருடைய நண்பர்கள் மூவரும் கூடியபோது நோக்கம் நட்பும் தொழில் பழக்கமும்தான். ஆளுக்கொரு அலுவலகமாகச் சுற்றிச் சுற்றிக் கூடியதால் அந்தப் பெயர் வந்தது. அது சங்கத்துக்குள் இருக்கிறவர்களுக்கு வேண்டிய விஷயம். 1907-ல் பொதுக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று அதே சங்கம் கையில் எடுத்ததே, அது ஊருக்கு வேண்டிய விஷயம். ஒவ்வொரு செய்தி எழுதும்போதும் இது எந்த வகை என்று கேட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இன்னொன்று, நடந்து முடிந்த பிறகு அனுப்பும் செய்தியைவிட நடப்பதற்கு முன்னால் அனுப்பும் அறிவிப்புக்கு மதிப்பு அதிகம். இதைப் பல செயலாளர்கள் யோசிப்பதே இல்லை. ரத்ததான முகாம் என்றால் ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள், அதில் 'அனைவரும் திரளாக வருகை தந்து சிறப்பிக்க வேண்டும்' என்று எழுதாமல், வருகிறவருக்கு மனதில் ஓடும் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். யார் கொடுக்கலாம்? உலக சுகாதார நிறுவனத்தின் பொது வழிகாட்டுதல் 18 முதல் 65 வயது, எடை குறைந்தது 50 கிலோ. சில நாடுகளில் 350 மில்லி எடுப்பதற்கு 45 கிலோ போதும். உங்களுக்கு ரத்தம் எடுக்க வரும் வங்கியின் விதி எதுவோ அதைக் கேட்டுப் போடுங்கள். சாப்பிட்டுவிட்டு வர வேண்டுமா, போன தடவை கொடுத்து எத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், எந்த மருந்து எடுத்துக்கொள்பவர்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டு வர வேண்டும்? இதையெல்லாம் போட்டால், முகாமுக்கு வந்து எடை பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் குறைவார்கள். அப்படித் திரும்பிப் போனவர் அடுத்த முகாமுக்கு வருவது அபூர்வம்.

படங்களுக்கு வருகிறேன், இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களிலும் பதினைந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள், முன்னால் பேனர், ஓரத்தில் ஒரு முதியவர் பாதி தெரிகிறார். முகாம் அவருக்காக நடந்தது! நான் செய்திமடல் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பையனுக்குப் பள்ளிப் பை கொடுக்கும் படத்தை முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டேன். பைக்கு இரண்டு பக்கமும் எட்டுக் கைகள், நடுவில் அவன் முகம். எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பள்ளி ஆசிரியை சொன்னார், அவன் அந்தப் பையை எடுத்துக்கொண்டு வருவதில்லையாம், துணிப்பையில்தான் புத்தகம் வருகிறதாம், வகுப்பில் 'பேப்பர் பையன்' என்று கூப்பிடுகிறார்களாம். அதற்குப் பிறகு, கையேந்தி வாங்குகிற படம் எதையும் நான் போட்டதில்லை.

குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் முகம் வேண்டாம். நோயாளி என்றால் அவரிடமே கேளுங்கள், அதுவும் சிகிச்சைக்கு முன்னால் கேட்காதீர்கள், 'மாட்டேன் என்றால் சிகிச்சை கிடைக்காதோ' என்ற பயத்தில் தலையாட்டிவிடுவார். மருந்து கொடுத்து முடிந்த பிறகு, போகும்போது கேளுங்கள். வேண்டாம் என்றால் படம் எடுக்க எவ்வளவோ இருக்கிறது: சொட்டு மருந்து விடும் செவிலியரின் கை, எழுத்துப் பலகையைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சொல்பவரின் பின்பக்கம், வெளியே நீளும் வரிசை. யாராவது வேலை செய்துகொண்டிருக்கும் படம் ஒன்று போதும். படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதி, இருமுறை சரிபார்த்து அனுப்புங்கள். பெயர் தப்பாக வந்தால் போன் உங்களுக்குத்தான் வரும்.

சரி, நீங்கள் கேட்கப்போவது தெரியும். 'தலைவர் பெயர் இல்லாமல் அனுப்பினால் என்னை உயிரோடு விடுவார்களா?' விட மாட்டார்கள். அதற்குத்தான் செய்திமடல் இருக்கிறது. உழைத்தவர் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்படுவதில் ஒன்றும் தவறில்லை, அது வர வேண்டிய இடம் வேறு. செய்திமடலில் தாராளமாகப் போடுங்கள், ஆனால் பதவியோடு போடாமல் வேலையோடு போடுங்கள். 'முன்னிலை வகித்தார்' என்பதற்குப் பதிலாக, காலை ஆறு மணிக்கே வந்து நாற்காலி போட்டவர் யார், 212 பேர் பெயரையும் கையால் பதிவு செய்தவர் யார், மருத்துவமனையோடு நாள் குறிக்கப் பத்துத் தடவை போன் செய்தவர் யார் என்று எழுதுங்கள். இரண்டு மாதம் இப்படி வந்தால், வேலை செய்யாமல் மேடையில் மட்டும் உட்கார்ந்தவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தும், அதுவும் நல்லதுதான்.

உறுப்பினர்கள் செய்திமடலைத் திறக்காததற்குக் காரணம், அதில் இருப்பதை அவர்கள் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். அங்கே வராததைக் கொடுங்கள். நிர்வாகக் குழு என்ன முடிவெடுத்தது, அடுத்த மாதம் யாருக்கு என்ன பொறுப்பு, முக்கியமாகப் பணம். இதைப் பற்றி எழுதச் சங்கங்கள் கூச்சப்படுகின்றன, ஆனால் லயன்ஸ் சங்கங்களில் நிர்வாகக் கணக்கு தனி, பொதுமக்களிடம் திரட்டும் சேவைக் கணக்கு தனி என்று விதியே இருக்கிறது. நிதி திரட்டுவதற்கான நேரடிச் செலவு போக, மக்கள் கொடுத்தது மக்களுக்கே போக வேண்டும், கூட்டச் செலவுக்கு உறுப்பினர் சந்தாதான். உங்கள் சங்கம் எதைச் சேர்ந்ததாக இருந்தாலும் இந்த இரண்டு கணக்கையும் மாதா மாதம் நான்கு வரியில் போடுங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் எல்லோரும் படிப்பார்கள், வேண்டுமானால் பாருங்கள்.

சில சில்லறை விஷயங்கள். செய்தியை நிகழ்ச்சி நடந்த அன்றே அனுப்பிவிடுங்கள், மூன்று நாள் கழிந்தால் யாரும் தொட மாட்டார்கள். மின்னஞ்சலில் எழுத்தாகவே அனுப்புங்கள், செய்தியைப் படமாக மாற்றி அனுப்பினால் திரும்பத் தட்டச்சு செய்ய யாருக்கும் நேரம் இல்லை. சந்தேகம் கேட்டால் எடுத்துப் பேசுகிற எண்ணைக் கொடுங்கள். ஒரே செய்தியைப் பத்துப் பேர் தனித்தனியாக அனுப்ப வேண்டாம்.

கடைசியாகக் கோப்பு. ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் ஜூலை 1-ல், கிவானிஸ் என்ற இன்னொரு சேவைச் சங்கத்துக்கு அக்டோபர் 1-ல் ஆண்டு பிறக்கிறது. புதிய அணி வந்ததும் பழைய செயலாளரின் போனோடு எல்லாம் போய்விடுகிறது. ரோட்டரி அறக்கட்டளைக்கு 1918-ல் வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட், கொடுத்தது கான்சாஸ் சிட்டி சங்கம். அந்த ஐம்பது சென்ட் வரை இன்றைக்கு நமக்குத் தெரிகிறதே, யாரோ ஒருவர் அன்றைக்கு எழுதி வைத்ததால்தான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கம்: தேதி, இடம், எண்ணிக்கை, செலவு, தொடர்ந்து செய்ய வேண்டியது என்ன. இதை அடுத்த செயலாளர் கையில் கொடுங்கள்.

'தொடர்ந்து செய்ய வேண்டியது' என்ற இடத்தில் உங்கள் கண் முகாமுக்கு இப்போது 12 பெயர் இருக்கின்றன. நாளைக்கே அவர்களுக்குப் போன் போட்டு, எந்தக் கிழமை வசதி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கார் வைத்திருக்கும் உறுப்பினர்கள் உங்கள் சங்கத்திலேயே எத்தனை பேர் என்றும் பாருங்கள், வெளியே கேட்பது அப்புறம். முதல் ஆள் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அன்று எனக்கு எழுதுங்கள், அந்தச் செய்தியை நாம் சேர்ந்தே எழுதலாம்.