நண்டுக்கறிக்கு எந்தச் சிவப்பு வைன்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் 25ஆவது கலியாண நாளுக்கு நிலாவெளியில் பெரிய ஹோட்டல் ஒன்றில் நாலு பேருக்கு இரவுச் சாப்பாடு பதிந்திருக்கிறேன். சிவப்பு வைன் ஒரு போத்தல் எடுக்க விருப்பம். லிஸ்டில் ஐம்பது பெயருக்கு மேல் இருக்கிறது. எதைப் பார்த்து எடுப்பது?
- வாசகர், உப்புவெளி

பதில்: முதலில் சாப்பாட்டை முடிவு செய்யுங்கள், பிறகு வைன் லிஸ்டைத் திறவுங்கள். திருகோணமலையில் கொண்டாட்டம் என்றால் மேசைக்கு நண்டோ கணவாயோ வராமல் இராது. விலை கூடிய வைன் காலை வாரிவிடுவதும் அங்கேதான். கபர்னே சோவின்யோன், பரோலோ போன்ற சிவப்பு வைன்களில் துவர்ப்பு அதிகம். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் அந்தத் துவர்ப்பு, கடுஞ்சாயப் பிளேன்ரீயைப் போல நாக்கை இழுத்துப் பிடிக்கும். கொழுப்புள்ள ஆட்டிறைச்சியோடு அடங்கிவிடும். உறைப்பான நண்டுக்கறியோடு இன்னும் முரடாகும். மதுசாரம் 14.5 வீதம் என்றால் வாய் எரிவும் கூடும். வைனில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்தால் பச்சை மீன் வெடுக்கு நாக்கில் நிற்கும்.

ஆகவே துவர்ப்புக் குறைந்த, மதுசாரம் 12 முதல் 13.5 வீதம் வரையான வைனைத் தேடுங்கள். பினோ நுவார் என்ற திராட்சையில் செய்யும் வைன் ஒன்று. பிரான்சின் பேர்கண்டியில் இருந்து வருவது விலை ஏறும். சிலி, நியூசிலாந்துப் போத்தல்கள் கைக்கு அடக்கமாக இருக்கும். மற்றது பிரான்சில் கமே திராட்சையில் செய்யும் போஜொலே. மோர்கோன், ஃப்ளூரி என்று ஊர்ப் பெயர் மட்டும் அச்சிட்டிருந்தால் அதுவும் போஜொலேதான். பலர் இது தெரியாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். நல்ல வைன் குறைந்த விலையில் ஒளிந்திருக்கும் இடம் அது. சாப்பாடு முழுக்க மீனும் நண்டும்தான் என்றால் வெள்ளை வைனே பொருத்தம்.

‘ரிசேர்வ்’ என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். ஸ்பெயினின் ரியோஹாவில் ‘ரிசேர்வா’ என்றால் குறைந்தது 3 வருடம் பதப்படுத்தியது என்று சட்டமே சொல்கிறது. அமெரிக்கப் போத்தலில் அந்தச் சொல்லுக்கு அப்படி எந்தச் சட்டப் பொருளும் இல்லை. திருகுமூடியைக் கண்டு மலிவென்று தள்ளவும் வேண்டாம்; நியூசிலாந்தின் நல்ல வைன்களும் அப்படித்தான் வருகின்றன.

விருந்தாளிகள் முன் விலை பேசக் கூச்சமாக இருந்தால், லிஸ்டில் உங்கள் கணக்குக்குச் சரியான விலையில் விரலை வைத்து, “இதைப் போல, துவர்ப்புக் குறைந்த ஒன்று சொல்லுங்கோ” என்று கேளுங்கள். பரிமாறுபவருக்கு விளங்கிவிடும். விலைக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தையும் வாசியுங்கள். சேவைக் கட்டணம் 10 வீதமும் பெறுமதி சேர் வரி 18 வீதமும் தனியாகச் சேர்ந்தால், 20,000 ரூபாப் போத்தல் பில்லில் 26,000 ஐத் தொடும். 750 மில்லிலீற்றரில் 5 கிளாஸ் வரும். நாலு பேருக்கு ஒரு போத்தல் அளவானது. அன்று போயா இல்லையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; போயா நாளில் மது கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: சிவப்பு வைனை அறை வெப்பநிலையில்தான் குடிக்க வேண்டுமாமே. ஐஸ் கேட்டால் பிழையா?

பதில்: பிழையே இல்லை, கட்டாயம் கேளுங்கள். அந்தப் பேச்சு ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளுக்கு உரியது. அங்கே அறை என்றால் 16 முதல் 18 பாகை. எங்கள் கடற்கரையில் இரவிலும் 28 பாகை நிற்கும். அந்தச் சூட்டில் மதுசார நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், பழவாசனை அமுங்கிவிடும். வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர். வெறும் ஐஸ் என்றால் இடையில் காற்று நிற்கும், போத்தல் மெதுவாகவே குளிரும். 15 நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் துவர்ப்பு மட்டும் தூக்கும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றவேண்டும். நிரப்பினால் குடித்து முடிக்குமுன் சூடாகிவிடும்.

கேள்வி: முதலில் கொஞ்சம் ஊற்றித் தருகிறார்களே, அப்போது என்ன செய்வது?

பதில்: அதற்கு முன்பே, மூடிய போத்தலைக் காட்டும்போது பெயரும் ஆண்டும் லிஸ்டில் உள்ளதுதானா என்று பாருங்கள். தக்கை மேலே தள்ளி நின்றாலோ வாய்ப்பகுதி பிசுபிசுத்தாலோ போத்தல் எங்கோ சூட்டில் கிடந்திருக்கலாம், வேறொன்று கேளுங்கள். ஊற்றியதும் கிளாஸைச் சுழற்றி மணந்து பாருங்கள். நனைந்த காட்போட் பெட்டி மணம் வந்தால் தக்கையால் கெட்டது. அவிந்த பழம் போல, காய்ச்சிய ஜாம் மணம் என்றால் சூடு பட்டது. இரண்டையும் தயங்காமல் திருப்பி அனுப்பலாம். ருசி பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் திருப்ப முடியாது.