மான்ட்கோமரியில் அடி வாங்குபவன் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் வட கரோலினாவில், டர்ஹமில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. ஊரிலிருந்து வரும்போது கிரிக்கெட் பைத்தியம், இப்போது பேஸ்பால் பைத்தியம். அதிலும் மேஜர் லீக்கைவிட மைனர் லீக்தான் அதிகம் பார்க்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் குடும்பத்தோடு சார்ல்ஸ்டன் போயிருந்தபோது ரிவர்டாக்ஸ் அணிக்கு ஒரு பத்தொன்பது வயதுப் பையன் பந்து வீசினான். பெயர் இங்கே வேண்டாம். அன்றிலிருந்து அவனை விடாமல் தொடர்கிறேன். அவன் வீசும் நாளில் இரவு ஸ்கோர் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. போன வருடம் பவுலிங் கிரீனில் அவனை யாராலும் தொட முடியவில்லை. சிறந்த நூறு இளம் வீரர்கள் பட்டியலில் பெயர் வந்தது. இந்த வருடம் டபிள்-ஏ என்ற அடுத்த படி, மான்ட்கோமரி அணி. அடி என்றால் அப்படி ஒரு அடி. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் அவன் ஐந்தாவது இன்னிங்ஸைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. பட்டியலிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். அடுத்த வருடம் எங்கள் டர்ஹம் புல்ஸுக்கு வருவான், நேரில் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"அவன் யாரு, உங்க அக்கா பையனா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அவன் படம் போட்ட பௌமன் சேகரிப்பு அட்டை ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கியது வேறு தெரிந்துபோய்விட்டது.

அவன் அவ்வளவுதானா சார்? அப்படியென்றால் இந்த மூன்று வருடத்துக்கும் என்ன அர்த்தம்?

க., டர்ஹம்

*

அன்புள்ள க.,

அவ்வளவுதான் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. டபிள்-ஏ என்பது அடி வாங்குவதற்கென்றே இருக்கும் இடம். அங்கே ஒரு வருடம் மோசமாகப் போனால், ஆள் சரியில்லை என்பதைவிட அந்த இடம் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பேஸ்பால் பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மேஜர் லீக் என்ற உச்ச மட்டத்தில் ஆடும் முப்பது அணிகள் ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படிகளில் நான்கு அணிகள் உண்டு: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபிள்-ஏ, ட்ரிபிள்-ஏ. டாம்பா பே ரேஸ் அணியின் ஏணியில் இவை முறையே சார்ல்ஸ்டன், பவுலிங் கிரீன், மான்ட்கோமரி, டர்ஹம். க. பார்த்த பையன் மூன்றாம் படியில் நிற்கிறான். வீரர்களுக்குச் சம்பளம் தருவது மேலே இருக்கும் அணி; யார் எப்போது எந்தப் படிக்குப் போவது என்று முடிவு செய்வதும் அதுவே. உள்ளூர் அணியின் முதலாளி டிக்கெட் விற்கிறார், பொம்மை வேஷக்காரரை ஆடவிடுகிறார், மான்ட்கோமரியில் என்றால் கூட்டத்துக்குள் பிஸ்கட் வீசுகிறார். அணியின் பெயரே பிஸ்கட்ஸ் அல்லவா!

கீழ்ப் படிகளில் பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், வேகத்தை வைத்தே பிழைத்துவிடலாம். பத்தொன்பது, இருபது வயது பேட்டர்கள் மூக்குக்கு நேரே வரும் பந்துக்கும் மட்டையைச் சுழற்றுவார்கள். டபிள்-ஏ-யில் இருப்பவர்கள் சுழற்ற மாட்டார்கள். தவறான பந்தை விட்டுவிட்டு, பிட்சர் வேறு வழியில்லாமல் நடுவில் போடும்வரை காத்திருப்பார்கள். இரண்டாம் முறை ஆட வரும்போது முதல் முறை என்ன போட்டான் என்பது அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். மைக்கேல் ஜோர்டன் 1994-இல் கூடைப்பந்தை விட்டுவிட்டு பேஸ்பால் ஆட வந்தபோது அவரை நேராக இறக்கியது இந்த டபிள்-ஏ-யில்தான், மான்ட்கோமரி ஆடும் அதே சதர்ன் லீகில், பர்மிங்ஹம் அணியில். 127 ஆட்டங்களில் அவரது பேட்டிங் சராசரி .202, அதாவது ஐந்து முறைக்கு ஏறக்குறைய ஒரு வெற்றிகரமான அடி. உலகத்தின் மிகச் சிறந்த உடல்களில் ஒன்று அது. வளையும் பந்துகளின் முன்னால் அது போதவில்லை. (கேலி செய்தவர்கள் அதிகம். பள்ளிக்கூடத்துக்குப் பின் மட்டையையே தொடாத ஒருவர் அந்தப் படியில் .202 அடித்ததும் 30 முறை பேஸ் திருடியதும் (பிட்சர் வீசும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) சாதனை என்பேன்.)

இனி, எண்களை நம்பி ஏமாறுவது பற்றி. 2012-இல் சௌத் அட்லான்டிக் லீக் என்ற சிங்கிள்-ஏ லீகில் இரண்டு பிட்சர்கள் இருந்தார்கள். இரண்டு பேரும் 1988-இல் பிறந்தவர்கள், இரண்டு மாத இடைவெளியில். அந்த வருடம் இருவருக்கும் இருபத்து நான்கு வயது. அந்தப் படிக்கு அது முற்றிய வயது.

ஒருவர் ரிங்கு சிங். கொல்கத்தாவுக்கு ஆடும் இடக்கை பேட்ஸ்மேன் என்று நினைத்துவிடாதீர்கள், இவர் வேறு. உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறிபவர். 2008-இல் இந்தியாவில் நடந்த ஒரு வேகப்பந்துப் போட்டியில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாண்டி வென்று, தினேஷ் படேலோடு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார். மேஜர் லீக் அணி ஒன்றில் கையெழுத்திட்ட முதல் இந்தியர்கள் அவர்கள் இருவரும்தான். அந்தப் போட்டிக்கு முன் அவர்கள் பேஸ்பால் பந்தைக் கையில் எடுத்ததே இல்லை. அமெரிக்காவிலிருந்த நம்மவர்கள் பலரைப்போல நானும் ரிங்குவின் ஸ்கோரைத் தேடித் தேடிப் பார்த்தவன். படேலை 2010 இறுதியில் விடுவித்துவிட்டார்கள். ரிங்கு 2012-இல் வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணிக்காக 72 இன்னிங்ஸ் வீசினார், ஈஆர்ஏ 3.00. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக மூன்று ஓட்டம். நல்ல எண். நான் மிகவும் மகிழ்ந்தேன்.

இன்னொருவர் சவான்னா சாண்ட் நாட்ஸ் அணியில் இருந்தார். கல்லூரியில் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப் ஆக (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) ஆடியவர். பிட்சராக வீசத் தொடங்கிய வருடத்திலேயே, 2010-இல், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில், நியூயார்க் மெட்ஸ் ஒன்பதாவது சுற்றில் எடுத்தது. எடுத்த சில மாதங்களில் முழங்கைத் தசைநார் கிழிந்து டாமி ஜான் அறுவை சிகிச்சை. 2011 முழுவதும் போயிற்று. ஆனால் அந்த மறுவாழ்வுக் காலத்தில் ஃப்ளோரிடாவில் பக்கத்திலேயே காயத்தோடு இருந்தவர் மெட்ஸின் நட்சத்திர பிட்சர் யோஹான் சந்தானா. வேகப்பந்து போலத் தெரிந்து மெதுவாக வரும் சேஞ்சப் என்ற பந்தை அன்று மிகச் சிறப்பாக வீசியவர் அவர். அதைப் பிடிக்கும் விதத்தை இவருக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தச் சவான்னா பிட்சரின் பெயர் ஜேக்கப் டிகிராம்.

2012-இல் இந்த இரண்டு பேரின் ஈஆர்ஏ-வை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ரிங்குவுக்கு அதன் பிறகு காயம், அவருக்கும் அதே டாமி ஜான் அறுவை சிகிச்சை. டபிள்-ஏ-யை அவர் பார்க்கவே இல்லை. 2018-இல் மல்யுத்தத்துக்கு, டபிள்யூடபிள்யூஈ-க்குப் போய்விட்டார். டிகிராம் 2013-இல் டபிள்-ஏ-க்கு ஏறினார். உங்களுக்கு இந்த இடம் முக்கியம், க. பிங்ஹம்டனில் அவர் நன்றாக அடி வாங்கினார். அங்கிருந்து ட்ரிபிள்-ஏ, லாஸ் வேகாஸ். மெல்லிய காற்றில் பந்து பறக்கும் ஊர், அங்கேயும் அடி. அந்த வருடம் மொத்தத்தில் அவரது ஈஆர்ஏ நாலரையை ஒட்டி இருந்தது. சிறந்த நூறு பேர் பட்டியல்களில் அவர் பெயர் இல்லை. மெட்ஸ் ரசிகர்கள் காத்திருந்த பிட்சர் ரஃபேல் மோன்டெரோ. 2014 மே 14 அன்று மோன்டெரோ மேஜர் லீகில் முதல் ஆட்டம் வீசினார், மறுநாள் டிகிராம். யாங்கீஸுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸில் ஒரே ஓட்டம். ஆட்டம் 1-0 என்று தோல்வி. அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் விருது டிகிராமுக்கு. 2018-லும் 2019-லும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. 2018-இல் ஈஆர்ஏ 1.70. மோன்டெரோவும் வீணாகப் போகவில்லை. 2022-இல் ஹூஸ்டனோடு மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றார். நூறு பேர் பட்டியல் போடுகிறவர்கள் மோசமானவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் இன்றைய நிலவரத்தை எழுதுகிறார்கள், அவ்வளவே.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் வயது. உங்கள் பையனுக்கு இருபத்திரண்டு. டபிள்-ஏ-யில் அவனை எதிர்கொள்ளும் பேட்டர்களில் பெரும்பாலோர் அவனைவிட மூத்தவர்கள். இதே அடியை இருபத்தாறு வயதில் வாங்கினால் வேறு விஷயம். அடுத்தது வாக் (நான்கு தவறான பந்து போட்டு பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புவது), ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது). ஓட்டங்களில் பின்னால் நிற்கும் ஃபீல்டர்களுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. இவை இரண்டும் ஏறக்குறைய அவன் கணக்கு. ஸ்ட்ரைக் அவுட் குறையாமல் வாக் மட்டும் ஏறியிருந்தால், பந்து அவனிடம் இருக்கிறது, குறிதான் இல்லை என்று அர்த்தம். குறி இல்லாத வேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஸ்டீவ் டல்கோவ்ஸ்கி என்ற பிட்சர் உதாரணம். 1960-இல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் 170 இன்னிங்ஸில் 262 ஸ்ட்ரைக் அவுட், 262 வாக். எழுத்துப்பிழை இல்லை, இரண்டும் ஒரே எண். அவரைப்போல வேகமாக வீசியவரே இல்லை என்று எதிர்த்து ஆடியவர்கள் கடைசிவரை சொன்னார்கள். 1962-இல் ஒருவழியாகக் குறி வந்தது. 1963-இல், சீசனுக்கு முந்தைய வசந்தகாலப் பயிற்சியிலேயே முழங்கை போயிற்று. மேஜர் லீகில் அவர் ஒரு பந்துகூட வீசியதில்லை.

இன்னொன்றும் உண்டு. மைனர் லீக் ஆட்டத்தில் ஸ்கோர்போர்டு காட்டுவது உண்மையான ஆட்டத்தை அல்ல. இன்று சேஞ்சப் மட்டும் அதிகம் போடு, அடித்தால் அடிக்கட்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கலாம். எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வீசிக்கொண்டிருப்பவனையும் பந்து எண்ணிக்கை முடிந்ததென்று இறக்கிவிடுவார்கள். போதாததற்கு விதிகளையும் அங்கேதான் சோதித்துப் பார்ப்பார்கள். 2023-இன் முதல் பாதியில் சதர்ன் லீகில் மட்டும் முன்கூட்டியே பிசுபிசுப்பு ஏற்றிய பந்தைக் கொடுத்தார்கள். பிட்சர்கள் பூந்து விளையாடினார்கள். பாதியில் பழைய பந்துக்கே திரும்பினார்கள். அந்த மூன்று மாத எண்களைப் பார்த்து ஒருவனை மேதை என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ட்ராஃப்டில் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீகில் ஒரு நாள்கூட ஆடுவதில்லை. 1991-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பிரையன் டெய்லருக்கு யாங்கீஸ் 15.5 லட்சம் டாலர் கொடுத்தது. டபிள்-ஏ வரை சரியாக ஏறினார். 1993 டிசம்பரில் மைதானத்துக்கு வெளியே நடந்த ஒரு சண்டையில் தோள் போயிற்று. அதோடு சரி. உங்கள் ஊர் மாநிலக்காரர்தான் அவர். ஆகவே 'வந்து சேர்ந்தால்தான் பார்த்ததற்கு அர்த்தம்' என்று வைத்துக்கொண்டால் நீங்கள் எப்போதும் தோற்றுக்கொண்டே இருப்பீர்கள். ஒருவன் தனக்குத் தெரியாத ஒன்றை ஊரறியக் கற்றுக்கொள்வதைப் பார்க்கிறீர்கள். வேறெந்தத் தொழிலில் அதற்கு டிக்கெட் கொடுக்கிறார்கள்?

பட்டியலைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பார்க்காத ஒன்று, அந்தப் பையன்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது. 2020 வரை சிங்கிள்-ஏ-யில் குறைந்தபட்சச் சம்பளம் வாரத்துக்கு 290 டாலர், அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். வசந்தகாலப் பயிற்சிக்குச் சம்பளமே கிடையாது. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து இவர்களை விலக்கி 2018-இல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டது. ஒரே அறையில் நாலைந்து பேர் தரையில் படுத்தார்கள். பழைய வீரர்கள் தொடுத்த வழக்கு 18.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்ததும், 2022-இல் மைனர் லீக் வீரர்கள் சங்கத்தில் சேர்ந்ததும், 2023 ஒப்பந்தத்தில் டபிள்-ஏ சம்பளம் வருடத்துக்கு 30,250 டாலர் ஆனதும் எனக்கு எந்தச் சாம்பியன்ஷிப்பையும்விடப் பெரிய செய்திகள். இதே காலத்தில் நாற்பது ஊர்கள் அணியை இழந்தன, 160 என்பது 120 ஆனது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டம்மா கேட்டதற்கு 'ஆமாம், அக்கா பையன்தான்' என்று சொல்லிவிடுங்கள். பௌமன் அட்டையைப் பொறுத்தவரை, இப்போது விற்றால் நஷ்டம்தான், மேசை இழுப்பறையில் கிடக்கட்டும்.

அடுத்த வருடம்வரை டர்ஹமில் காத்திருக்க வேண்டியதும் இல்லை. மான்ட்கோமரி நாக்ஸ்வில்லுக்கு வரும் வாரம் எது என்று அட்டவணையில் பாருங்கள். உங்களுக்கு ஆறு மணி நேர கார்ப் பயணம், வழியில் மலை. இப்போதெல்லாம் ஒரே ஊரில் செவ்வாய் முதல் ஞாயிறுவரை ஆறு ஆட்டம் ஆடுகிறார்கள், திங்கள் ஓய்வு. அவன் செவ்வாய்க்கிழமை வீசினால் ஞாயிறன்று மறுபடி வீச வாய்ப்புண்டு. வெள்ளிக்கிழமை இரவு கிளம்பிவிடலாம். கேட்சருக்கு நேர் பின்னால் டிக்கெட் எடுங்கள், அங்கே உட்கார்ந்தால்தான் பந்து வளைவது தெரியும். பேட்டர்கள் இரண்டாம் முறை வரும்போது அவன் என்ன போடுகிறான் என்று குறித்துக்கொண்டு எனக்கும் எழுதுங்கள்.