புது பாட் ஸ்டிக்கர் அனுப்ப மறுக்கிறது: பதில்

திருவாரூர் விதைநெல் கடைக்கு டெலிகிராமில் ஏஐ ஏஜெண்ட் வைத்தீர்கள், பழைய பாட் (டெலிகிராமில் தானாகப் பதில் அனுப்பும் கணக்கு) அனுப்பிய ஸ்டிக்கரைப் புது பாட் அனுப்ப மறுக்கிறது என்கிறீர்கள். உங்கள் கோடிங்கில் தப்பில்லை. டெலிகிராமில் ஃபைல் ஐடி, அதாவது ஒரு ஸ்டிக்கரைக் குறிக்கும் நீளமான எழுத்துக்கோவை, ஒவ்வொரு பாட்டுக்கும் தனி. ஒன்றின் ஐடி இன்னொன்றில் செல்லாது. (இதே விஷயத்தில் நானும் ஒரு ராத்திரி தலையைப் பிய்த்துக்கொண்டேன்.) புது பாட்டின் டோக்கனை (அதன் ரகசியச் சாவி) வைத்து, டெலிகிராமின் கெட்ஸ்டிக்கர்செட் (getStickerSet) என்ற கட்டளையைக் கூப்பிட்டு, ஸ்டிக்கர் தொகுப்பின் பெயரைக் கொடுங்கள், புது ஐடிகள் வந்துவிடும்.

அப்புறம், ஐடியை ஏஜெண்டிடமே கொடுக்காதீர்கள், அவ்வளவு நீளத்தில் ஒன்றிரண்டு எழுத்தை மாற்றித் தொலைக்கும். 'வணக்கம்', 'நன்றி' என்று பெயர் மட்டும் கொடுங்கள். அந்தப் பெயருக்குரிய ஐடியை, ஸ்டிக்கர் அனுப்பும் டூல் (ஏஜெண்ட் கூப்பிடும் நிரல்) தேடிக்கொள்ளட்டும். எதுவும் அனுப்பாமல் இருக்கவும் ஒரு வழி வையுங்கள். சம்பா நாற்று தண்ணீரில் மூழ்கிவிட்டது என்று எழுதுகிறவருக்குச் சிரிக்கிற ஸ்டிக்கர் போனால், அடுத்த போகத்துக்கு அவர் வேறு கடை பார்த்துக்கொள்வார்.