உப்புக் காற்றில் பேட்டரி வண்டி: வாசகர் கேள்வி பதில்

மண்டபத்தில் விசைப்படகுகளின் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தவன் நான். அப்புறம் ராமநாதபுரத்தில் பட்டறை போட்டேன். இப்போது பட்டறைக்கு வருவதில் பாதிக்கு மேல் பேட்டரி ஸ்கூட்டர்தான். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்றைத் தவிர எல்லாமே நம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவை. படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. கேட்டவர்கள் பேட்டரியைக் குறை சொல்லியிருக்கிறார்கள், வேலையைச் செய்திருப்பது பெரும்பாலும் உப்பு.

கேள்வி: ஸ்கூட்டர் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் ராமநாதபுரம் போய் வருகிறேன். இரவு சார்ஜ் போட்டால், காலையில் 40, 50 சதவீதத்திலேயே நின்றுபோயிருக்கிறது. பிளக்கைத் தொட்டால் சுடுகிறது. பேட்டரியையே மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
– ஆசிரியை, உச்சிப்புளி

டீச்சர், பேட்டரிக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வண்டியை அணைத்து, சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, வண்டியில் சார்ஜ் போடும் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

போன மார்கழியில் இதே குறையோடு ஒரு வண்டி வந்தது. ரப்பர் மூடியைத் திறந்தால், விளிம்பைச் சுற்றி மாவு தூவியது போல வெள்ளையாக உப்பு. உள்ளே ஒரு பின் (மின்சாரம் போகும் உலோகக் குச்சி) பளபளவென்று இருந்தது. பக்கத்துப் பின்னில், புளி போட்டுத் தேய்க்காத பூஜைச் செம்பின் அடியில் இருக்குமே, அதே பச்சைக் களிம்பு. அந்தப் பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் கருப்பட்டி நிறத்துக்கு மாறி, லேசாக உருகிய வாடை. பேட்டரியைத் தனியாகச் சோதித்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

நடப்பது இதுதான். களிம்பு மின்சாரத்தைச் சரியாக விடாது. 750 வாட் சார்ஜர் என்றால் வண்டிப் பக்கம் ஏறக்குறைய 15 ஆம்பியர் ஓடும். களிம்பால் வெறும் 0.1 ஓம் தடை வந்தாலே அந்த ஒரு பின்னில் 22 வாட் சூடு பிறக்கும். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் என் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அவ்வளவு சூட்டை ஒரு சின்னப் பின் தாங்குமா? பல வண்டிகளில் சூடு கூடினால் சார்ஜ் தானாக நின்றுவிடும். உங்கள் வண்டி பாதியில் நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி நிற்பது நல்லதும்கூட.

களிம்பு லேசாக இருந்தால், எலெக்ட்ரானிக் சாமான்களுக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனரை அடித்து, மென்மையான பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். உப்புத்தாள் போடவே போடாதீர்கள். பின்னின் மேல் உள்ள பூச்சு போய்விட்டால் அடுத்த களிம்பு இன்னும் வேகமாக ஏறும். காய்ந்த பிறகு டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) துளி எடுத்து ரப்பர் மூடியின் விளிம்பில் தடவலாம். பிளாஸ்டிக் நிறம் மாறியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. சர்வீஸில் கொடுத்து அந்தச் சாக்கெட்டை மாற்றிவிடுங்கள். சார்ஜர் முனையையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தேதான் கெடும். பேட்டரிக்குப் போகும் பெரிய கனெக்டர்களை வீட்டில் யாரும் பிரிக்க வேண்டாம்.

இன்னொன்று. வண்டியை எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? நம் பக்கம் நிறைய வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. கடல் காற்று ஒரு வாரத்தில் பூசும் உப்பை நாமே ஒரு வாளியில் ஊற்றிவிடுகிறோம். அரைக் குடம் நல்ல தண்ணீர் போதும். துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள், அப்புறம் உலர்ந்த துணியால் ஒரு துடை. நல்ல தண்ணீர் விலை கொடுத்து வாங்கும் வீடு என்றால், ஏசியிலிருந்து வடியும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அதில் உப்பே இருக்காது. வாட்டர் சர்வீஸில் கொடுத்து பிரஷரில் அடிக்க வேண்டாம்.

கேள்வி: பாம்பனிலிருந்து ராமேஸ்வரத்துக்கு மீன் கொண்டுபோய் விற்கிறேன். பெட்டி நிறைய மீனும் ஐஸும் வைத்துப் போகும்போது 9 சதவீதம்தான் சார்ஜ் குறைகிறது. வெறும் பெட்டியோடு திரும்பும்போது 17 போகிறது. பாரம் இல்லாமல் வரும்போது ஏன் அதிகமாகப் போகிறது? மீட்டர் கோளாறா?
– மீன் விற்கும் ஒரு பெண், பாம்பன்

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது அம்மா. இது கச்சான், மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. படகுக்காரர் குடும்பத்துக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் கிழக்கே போகும்போது கச்சான் முதுகில் தள்ளுகிறது. திரும்பும்போது அதே காற்று மார்பில் அடிக்கிறது.

சமதரையில் ஒரே வேகத்தில் போகிற வண்டிக்குப் பாரம் பெரிய சுமை இல்லை. பாரம் தெரிவது கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும்தான். காற்று அப்படி இல்லை. அதன் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்காகும். நீங்கள் 45 கிலோமீட்டர் வேகத்தில் வர, எதிர்க்காற்று 30 இருந்தால், வண்டியைப் பொறுத்தவரை அது 75 வேகக் காற்று. காற்றில்லாத நாளைவிட எதிர்ப்பு இரண்டே முக்கால் மடங்கு. போகும்போது அதே கணக்கில் உங்கள் மேல் படுவது 15 வேகக் காற்றுதான். காற்று கொஞ்சம் சாய்ந்து அடிப்பதால் கணக்கு அப்படியே வராது, ஆனால் வித்தியாசத்துக்குக் காரணம் அதுதான்.

திரும்பும்போது 35-க்குக் குறைத்து வாருங்கள். வீடு சேர நாலைந்து நிமிடம் கூடும், சார்ஜ் கணிசமாக மிஞ்சும். வெறும் பெட்டியின் மூடியைத் திறந்தபடி வராதீர்கள், படகில் பாய் விரித்தது போலக் காற்றைப் பிடிக்கும். வாடைக் காலம் வந்ததும் கணக்கு மாறும், அப்போது போகிற வழியைக் கவனியுங்கள். காற்றை வைத்துத்தான் சார்ஜ் கணக்குப் போட வேண்டும். விற்பனைக்காரர் சொன்ன கிலோமீட்டர் நம் தீவுக்குப் பொருந்தாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் எனக்குக் கவலை. ஐஸ் உருகி மீன் தண்ணீர் வடிகிறது அல்லவா? அதுவும் உப்புத் தண்ணீர்தான். பின்சக்கரத்திலேயே மோட்டார் உள்ள வண்டி என்றால், அந்தத் தண்ணீர் அச்சு வழியாக வயர் நுழையும் இடத்தில் போய் நிற்கும். பெட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து, ஓர் ஓரத்தில் துளை போட்டு, ஒரு முழம் டியூப் சொருகி, சக்கரத்தில் படாமல் வெளியே விடுங்கள். வியாபாரம் முடிந்ததும் ஒரு செம்பு நல்ல தண்ணீரை அந்த இடத்தில் மெதுவாக ஊற்றித் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: ஸ்டாண்டை எடுத்த பிறகும் வண்டி சில நேரம் நகர மாட்டேன் என்கிறது. திரையில் ஸ்டாண்ட் படம் மட்டும் எரிகிறது.
– கல்லூரி மாணவர், மண்டபம்

தம்பி, எனக்கே இது நடந்திருக்கிறது. ஐப்பசி மாதம், பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில். போன் வந்ததென்று ஓரமாக நிறுத்தி ஸ்டாண்ட் போட்டேன். பேசி முடித்து ஸ்டாண்டை எடுத்தால் வண்டி அசையவில்லை. 1988-இல் திறந்த பாலம் அது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பாதிப் பாலத்தைத் தூறலில் தள்ளிக்கொண்டே மண்டபம் கரைக்கு வந்தேன். ஸ்டாண்ட் திருகும் இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். உப்பும் மணலும் சேர்ந்து அது உள்ளேயே ஒட்டிக்கொண்டது. ஸ்டாண்ட் கீழே இருப்பதாகவே வண்டி நினைக்கிறது, அதனால் மோட்டாருக்கு மின்சாரம் விடவில்லை.

பத்து நாளைக்கு ஒருமுறை அந்த இடத்தை நல்ல தண்ணீரில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிடு. பிறகும் வந்தால் சுவிட்சை மாற்று. வயரை இணைத்து அந்த சுவிட்சையே இல்லாமல் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. ஸ்டாண்ட் கீழே இருக்க வளைவில் திரும்பினால் உயிருக்கு ஆபத்து.

கேள்வி: மகன் துபாய் போய் மூன்று மாதம் ஆகிறது. அவன் சொன்னபடி வண்டியை முழுசாக சார்ஜ் செய்து, பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வைத்தோம். இப்போது ஆன் ஆகவே இல்லை.
– ஒரு தாய், கீழக்கரை

பயப்படாதீர்கள் அம்மா. பெரிய பேட்டரி போக, விளக்கு, ஹாரன், திரை எல்லாவற்றுக்கும் 12 வோல்ட்டில் சின்ன பேட்டரி ஒன்று பல வண்டிகளில் இருக்கிறது. அது செத்தால் பெரியதில் சார்ஜ் இருந்தும் வண்டி விழிக்காது. முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள், செலவு குறைவு. பெரிய பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தால் அதன் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டிருக்கும். அதை சர்வீஸ் ஆட்கள்தான் திறக்க வேண்டும், வீட்டில் முயல வேண்டாம்.

இனி நிறுத்தி வைத்தால் முழு சார்ஜில் வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு முழு வயிறும் வெயிலும் சேர்ந்தால் ஆயுள் குறையும். 50, 60 சதவீதம் போதும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, இறங்கியிருந்தால் ஏற்றுங்கள். பிளாஸ்டிக் கவரையும் எடுத்துவிடுங்கள். உள்ளே ஈரம் தங்கி, உப்பு நாள் முழுக்க இரும்பைத் தின்னும். பழைய பருத்திச் சேலை போதும், காற்று போய்வரும்.

கேள்வி: அரண்மனை, பழைய பஸ் ஸ்டாண்டு என்று நெரிசலில்தான் ஓட்டுகிறேன். காலையில் முதல் பிரேக் பிடிக்கும்போது கரகரவென்று சத்தம் வருகிறது.
– மருந்துக்கடை ஊழியர், ராமநாதபுரம்

ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்துக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. அதனால் பிரேக் டிஸ்க்குக்கு வேலை குறைவு, ராத்திரி உப்பு ஈரத்தில் துரு படிகிறது. காலையில் ஆளில்லாத தெருவில் மூன்று, நாலு தடவை பிரேக்கையே அழுத்திப் பிடியுங்கள், போய்விடும். டிஸ்க்கில் எண்ணெய் விடாதீர்கள், பிரேக்கே பிடிக்காமல் போகும். அப்புறம், முழு சார்ஜ் போட்டுக் கிளம்பிய கையோடு மோட்டாரின் இழுப்பு குறைவாக இருக்கும், ஏற்றிக்கொள்ள பேட்டரியில் இடமில்லை. அந்த முதல் இரண்டு கிலோமீட்டர் கையில் பிரேக் தயாராக இருக்கட்டும். உங்கள் வண்டிக்குச் சத்தமும் கிடையாது. பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து இறங்குகிறவருக்கு நீங்கள் வருவதே தெரியாது, ஹாரன் கொடுத்துப் போங்கள்.

கேள்வி: லைசென்ஸ் வேண்டாம் என்று சொல்லி ஒரு வண்டி விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– வாசகர், தேவிபட்டினம்

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் என்று சான்று பெற்ற வண்டிக்கு லைசென்ஸும் பதிவும் வேண்டாம். வாங்கிய பிறகு 'லாக் எடுத்து' 45-இல் ஓடவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். விபத்து நடந்தால் காப்பீடும் இருக்காது. சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஹெல்மெட் எந்த வண்டிக்கும் போடுங்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். பேட்டரி IP67 என்று போட்டிருக்கிறது. ஓட்டலாமா?
– வாசகர், தொண்டி

அந்த எண் சொல்வது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தாலும் கெடாது என்று. ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. மூன்று வருடம் வெயிலில் காய்ந்த ரப்பருக்கு அது உத்தரவாதம் இல்லை. மழையில் ஓட்டலாம், தேங்கிய தண்ணீரில் இறக்காதீர்கள்.

கடல் தண்ணீர் ஏறி வண்டி மூழ்கிவிட்டால் கதையே வேறு. ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக்குள்ளும் திண்ணையிலும் வைக்க வேண்டாம், சுவரையும் கூரையையும் விட்டுத் தள்ளி வெளியே நிறுத்துங்கள். உப்புத் தண்ணீர் வற்றிய பிறகும் உள்ளே படிந்த உப்பு வழியாக மின்சாரம் ஓடி, நாட்கள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். 2022-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் புயல் வெள்ளத்துக்குப் பிறகு மின்சார வண்டிகள் அப்படி எரிந்தன. ஓலைக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் பேட்டரி வண்டி எடுத்து, தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை போய் வரலாமா?
– வாசகர், மதுரை

தாராளமாக. போக வர 40 கிலோமீட்டருக்கு மேல் வரும், 80 சதவீதத்துக்குக் குறையாமல் கிளம்புங்கள், வழியில் சார்ஜ் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். கச்சான் காலத்தில் மணல் சாலையின் குறுக்கே வரி வரியாகக் கிடக்கும். அதன் மேல் பிரேக் பிடிக்காமல், நேராக, மெதுவாகத் தாண்டுங்கள். பொழுது சாயும் முன் திரும்பிவிடுங்கள். அறைக்கு வந்ததும் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரில் துணி நனைத்து வண்டியைத் துடைத்துவிட்டு, பேட்டரி ஆற அரை மணி நேரம் விட்டு, அப்புறம் சார்ஜ் போடுங்கள்.