டெரேச்சோ என்றால் என்ன? சுழலாத காற்று எப்படி ஊரையே சாய்க்கிறது?

வரிசைகட்டி நகரும் இடிமேகக் கூட்டம், தன் முன்னால் பலத்த காற்றை நேர்கோட்டில் தள்ளிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போனால் அதற்கு டெரேச்சோ என்று பெயர். ஸ்பானிய மொழியில் 'நேராக' என்று பொருள். அமெரிக்காவின் அயோவாவில் வானிலையை ஆராய்ந்த குஸ்தாவஸ் ஹின்ரிக்ஸ் 1888-இல் வைத்த பெயர் இது.

சரி, இவ்வளவு வேகம் எங்கிருந்து வருகிறது? மேகத்திலிருந்து விழும் மழை, வழியில் உலர்ந்த காற்றில் ஆவியாகி அதைக் குளிர்விக்கிறது. வியர்வை காயும்போது உடம்பு சில்லென்று ஆகிறதே, அதே கதைதான். குளிர்ந்த காற்று கனமானது. மளமளவென்று கீழே இறங்கித் தரையில் மோதுகிறது. முற்றத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துப் பாருங்கள், தரையைத் தொட்டதும் எப்படிப் பாய்ந்து பரவுகிறது! அப்புறம் அந்தக் குளிர்காற்று எதிரே உள்ள சூடான ஈரக்காற்றை நெம்பி மேலே தள்ள, அங்கே புது இடிமேகம் பிறக்கிறது. அதிலிருந்து மறுபடியும் குளிர்காற்று. புயல் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு ஓடுவது இப்படித்தான்.

2020 ஆகஸ்ட் 10-இல் அயோவாவைத் தாக்கியது இதுதான். சீடர் ராப்பிட்ஸ் நகரில் காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 225 கிலோமீட்டர் என்று சேதத்தை வைத்து மதிப்பிட்டார்கள். அறுவடைக்கு நின்ற மக்காச்சோளம், சீப்பால் வாரிவிட்டதுபோல ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய அடி!

'டொர்னேடோ என்னும் சுழல்காற்று இல்லை, வெறும் காற்றுதானே' என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் டொர்னேடோ பெரும்பாலும் ஒரு குறுகிய பாதையைத்தான் அழிக்கும். டெரேச்சோ ஒரே நாளில் பல மாநிலங்களைத் தாக்கிவிடும்.