நுரையீரலுக்குள்ள போற ஆக்ஸிஜன் கால் விரல்ல இருக்கிற செல்லுக்கு எதுக்கு, ரத்தம் அதை எப்படிக் கொண்டு போய்ச் சேர்க்குது?

நான் தேனி மாவட்டம் கம்பத்துல ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்குறேன். இதே கேள்விய போன வருஷம் எங்க அக்கா (பெரியம்மா மக) வேற மாதிரி கேட்டுச்சு, அதனால அதுல இருந்தே சொல்றேன்.

அக்கா தினமும் விடியக்காலைல ஜீப்ல கம்பம்மெட்டு ஏறி இடுக்கி பக்கம் ஏலத்தோட்டத்துக்கு காய் எடுக்கப் போகும். மூணு நாலு மாசமா மேடு ஏறினா எளைப்பு, நெஞ்சு படபடன்னு அடிக்குது, நாலு செடி தள்ளிப் போறதுக்குள்ள உக்காந்துருதாம். மலைக்காத்து ஒத்துக்கலன்னு கூட வேலை செய்றவங்க சொல்லிட்டாங்க. விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் வச்சுப் பாத்தா 98 காட்டுது. "ஏன்டா தம்பி, காத்து நல்லாத்தான இழுக்குறேன், மெஷினும் நல்லாருக்குன்னு சொல்லுது, பெறகு எதுக்குடா எளைக்குது"ன்னு கேட்டுச்சு. ரத்தம் எடுத்துப் பாத்தேன், ரத்தத்துல ஆக்ஸிஜன சுமக்கிற ஹீமோகுளோபின் 100 மில்லிக்கு 7.2 கிராம்தான். பொம்பளைங்களுக்கு 12க்கு மேல இருக்கணும்.

சரி, முதல்ல எதுக்குன்றது. செல்லுக்கு வேலை செய்ய ஏடிபின்னு சக்தி குடுக்குற ஒரு மூலக்கூறு வேணும், அதுதான் அதோட அன்றாடக் கூலி மாதிரி. நாம சாப்பிட்ட சோத்துல இருந்து வர்ற ஒரு குளுக்கோஸ உடைச்சா ஆக்ஸிஜன் இல்லாம ரெண்டே ரெண்டு ஏடிபிதான் கிடைக்கும், ஆக்ஸிஜன் இருந்தா சுமாரா 30 கிடைக்கும். குளுக்கோஸ உடைக்கும்போது வர்ற எலக்ட்ரான்கள், செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுல கைமாறி கைமாறி வரும், கடைசில அதை வாங்கிக்கிறதுக்கு ஒருத்தர் நிக்கணும், அந்த கடைசி ஆள்தான் ஆக்ஸிஜன். வாங்கிட்டு ஹைட்ரஜனோட சேர்ந்து தண்ணியாயிரும். ஆமா, நீங்க இழுக்குற ஆக்ஸிஜன்ல பெரும்பங்கு உங்க செல்லுக்குள்ளயே தண்ணியாத்தான் முடியுது. அந்த கடைசி ஆள் நிக்கலன்னா பின்னால வர்ற மொத்த வரிசையும் அடைச்சு நின்னுரும். மூளைக்கு நாலஞ்சு நிமிஷம் ஆக்ஸிஜன் போகலன்னாலே சேதம் ஆக ஆரம்பிக்கிறது இதனாலதான். கால் விரலுக்கும் இதே கணக்குதான், ஒவ்வொரு செல்லும் தன் ஏடிபிய தானேதான் செஞ்சுக்கணும், பக்கத்து ஊர்ல இருந்து கடன் வாங்க முடியாது.

இப்போ கொண்டு போறது. ஆக்ஸிஜன் தண்ணில ரொம்ப கம்மியாதான் கரையும், 100 மில்லி ரத்தத்துல வெறும் 0.3 மில்லி. சும்மா உக்காந்திருக்கிற உடம்புக்கே நிமிஷத்துக்கு 250 மில்லி வேணும், கரைஞ்சத மட்டும் நம்பினா இதயம் நிமிஷத்துக்கு 80 லிட்டருக்கு மேல தள்ளணும், அது தள்ளுறது 5 லிட்டர்தான். அதனாலதான் ஹீமோகுளோபின். அக்காவுக்கு அதை அவங்க போற ஜீப்பு மாதிரின்னுதான் சொன்னேன். ஒரு வண்டிக்கு நாலு சீட்டு, ஒவ்வொரு சீட்லயும் ஒரு இரும்பு அணு, இரும்பு இருந்தாதான் ஆக்ஸிஜன் உக்காரும். ஒரு ஆள் ஏறிட்டா வண்டியோட உருவமே லேசா மாறி அடுத்தவங்க ஏறுறது சுலபமாயிரும். ஒரு சிவப்பணுவுக்குள்ள இந்த மாதிரி 27 கோடி வண்டி இருக்கு.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது இறக்கி விடுற விதம்தான். எந்த தசை கஷ்டப்பட்டு வேலை செய்யுதோ அங்க கார்பன் டை ஆக்சைடும் அமிலமும் சூடும் கூடும், அது கூடினா ஹீமோகுளோபின் பிடிய விட்டுரும், யாரும் சொல்லாமலே தேவைப்படுற இடத்துல அதிகமா இறங்கும். கார்பன் டை ஆக்சைடு கூடினா பிடி தளரும்னு 1904லயே கிறிஸ்டியன் போர்னு டென்மார்க் விஞ்ஞானி கண்டு சொன்னார், அணு விஞ்ஞானி நீல்ஸ் போரோட அப்பா. இன்னொன்னு, இவ்வளவு ஆக்ஸிஜனையும் சுமக்கிற சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது, சுமக்கிறதுல ஒரு துளி கூட தனக்குன்னு எடுத்துக்காது, ஆக்ஸிஜன் இல்லாம கிடைக்கிற அந்த ரெண்டு ஏடிபிய வச்சே 120 நாள் ஓடும்.

அக்கா விஷயத்துக்கு வர்றேன். ஆக்ஸிமீட்டர் காட்டுறது இருக்கிற சீட்டுல எத்தனை சதவீதம் நிரம்பியிருக்குன்னு மட்டும்தான், எத்தனை வண்டி இருக்குன்னு அதுக்குத் தெரியாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி சுமக்கும், 14 இருக்கிறவங்களுக்கு 100 மில்லி ரத்தத்துல கிட்டத்தட்ட 19 மில்லி, அக்காவுக்கு 10 கூட இல்ல. உக்காந்திருக்கும்போது உடம்பு கால் பங்குதான் எடுக்கும், அதனால ஒன்னும் தெரியாது, மேடு ஏறும்போதுதான் காலு கல்லு மாதிரி கனக்குது, இதயம் இருக்கிற கொஞ்ச வண்டியவே வேகமா ஓட்டப் பாக்குது, அதுதான் அந்தப் படபடப்பு. மலைக்காத்து காரணமே இல்ல, அந்த உயரத்துல சீட்டு நல்லாவே நிரம்பும்.

டாக்டர் விசாரிச்சப்போதான் மாசாமாசம் தீட்டு ரொம்ப அதிகமா போறது தெரிஞ்சது, அக்கா கூச்சப்பட்டு யார்கிட்டயும் சொல்லல. அதுக்கும் வைத்தியம் பாத்து, பூச்சி மாத்திரையும் இரும்பு மாத்திரையும் கொடுத்தாங்க. மாத்திரையப் போட்ட கையோட தோட்டத்துல கட்டஞ்சாயா குடிக்கிற பழக்கம் இருந்துச்சு, டீ இரும்ப சேர விடாதுன்னு அதை ரெண்டு மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னேன், மாத்திரைய எலுமிச்சம்பழத் தண்ணியோட போட்டுச்சு. புது ரத்தம் ஊற மாசக்கணக்காகும், நாலாவது மாசம் நானே எடுத்துப் பாத்தேன், 11.3. இன்னும் 12 வரல, வந்த பிறகும் சில மாசம் மாத்திரைய நிறுத்தக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அக்கா விடாம போட்டுட்டு இருக்கு.